அம்பாக்கார வேதாசலம் போட்ட கேசட்

பழவேற்காட்டில் முதன்முதலாக மைக்செட் கடை வைத்தவன் நான்தான். வேறு யாராவது தாங்கள்தான் என்று சொன்னால் நம்ப வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, தேர்தல் எதுவானாலும் அபூபக்கர் சவுண்ட் சர்வீஸ்தான். அப்படிப்பட்ட என் கடை ரேடியோவை ஊரே சிரிக்கும்படி பாடிவைத்தவர் லைட்ஹவுஸ் குப்பத்து வேதாசலம். வருஷம் 1974. எனக்குக் கோபம் தணிய ஒரு வாரம் ஆனது. வரிகள் மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்றைக்கு அம்மன் திருவிழா முடிந்து, கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றி எடுத்துவர ஏரியைத் தோணியில் கடந்து குப்பத்துக்குப் போயிருந்தேன். கடல் பக்கத்துக் கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பதினைந்து ஆள். முப்பது பேருடைய காலும் ஒன்றாக விழுந்தால்தான் வலை நகரும். அதற்காக ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஐலசா’ போட்டு இழுப்பார்கள். அதற்குப் பெயர் அம்பா. எழுதிவைத்த பாட்டெல்லாம் கிடையாது. கண்ணில் எது படுகிறதோ அதுதான் பாட்டு. அன்றைக்கு வேதாசலத்தின் கண்ணில் நான் பட்டேன்.

பாய் கடையில ரேடியோவாம், ஐலசா
பாடச் சொன்னா இருமுதுங்கோ, ஐலசா
கசாயம் குடுத்துப் பாத்தாங்கோ, ஐலசா
காலையிலேர்ந்து சளி கொறையல, ஐலசா

ரேடியோவில் கொரகொரப்பு இருந்தது உண்மைதான். அதற்காக இப்படியா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், கயிறு நின்றுவிட்டது. முப்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். வேதாசலம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கடலைப் பார்க்கிறார். கயிற்றின் கடைசியில் இழுக்கும் சின்னதம்பி ஓடிவந்து கயிற்றை என் கையில் திணித்தான்.

"இன்னா பாய், கம்முனு நிக்கிற? பதில் போடு."

"என்ன பதில்?"

"ஒன்னத்தான பாடினாரு? நீதான் பதில் போடணும். நீ போடுற வரைக்கும் அவரு வாயத் தொறக்கக் கூடாது. இங்க இதான் சட்டம். சீக்கிரம் போடு பாய், வலை தண்ணில கெடக்குது."

ஆணோ பெண்ணோ, உள்ளூரோ வெளியூரோ, அம்பாவில் அடிபட்டவர் கயிற்றில் கைவைத்து ஒரு பதில் போட்டாக வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பாடினவர் அடுத்த வரி எடுக்கலாம். அந்தப் பதிலுக்கு அவர் மறுபடி வாய்கொடுக்கவும் கூடாது. வாங்கிக்கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். கரையில் முப்பது பேர், கடலில் அவர்கள் மீன், எல்லாம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"ஒந் தொண்டைக்கும் அதே கசாயம்... ஐலசா!" என்றேன். அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, ஓர் அடி முழுசாகக்கூட இல்லை. ஆனாலும் கரையே கூத்தாடியது. வேதாசலம் திரும்பி, வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கயிறு நகர்ந்தது. அன்றிலிருந்து நான் அந்த மனிதரை விடவேயில்லை.

வேதாசலத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லியான ஆள். அவருடைய நைனாவுக்குப் பாடவே வராது. ஒருநாள் வழக்கமாக அம்பா போடுகிறவருக்குக் காய்ச்சல் என்று பதினேழு வயசில் வேதாசலத்தை நிறுத்தினார்களாம். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. மூச்சுவிடாமல் வரி வரியாகக் கொட்டுவார். ரேஷன் கடையில் நின்றாலும் எதுகை வைத்துத்தான் சர்க்கரை கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் தாங்க முடியாமல் அவரை முதலில் அனுப்பிவிடுவார்கள். சாதாரணமாக ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அவர் பாட்டில் அதிகம் அடிபட்டது யார் என்றால் அவர் மனைவி இருசம்மாள்தான். அந்தம்மாள் தோணித்துறையில் நின்று கூப்பிட்டால் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் கடையில் கேட்கும். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொஞ்சம்தான். மீன்கூடையோடு கரைக்கு அவள் வந்து நின்றதுமே வேதாசலம் ஆரம்பித்துவிடுவார். அவள் கூடையை இறக்கிவைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடிப்பாள். எல்லோரும் காத்திருந்தது அந்தப் பதிலுக்காகத்தான். ஒருநாள்கூட அவள் தோற்றதில்லை. நாலு வரியில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அடிவாங்கிய மனிதரோ அன்று முழுக்கக் குஷியாகத் திரிவார்.

1983-ல் என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தான். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேதாசலத்தின் அம்பாவைப் பிடித்தேன். மெட்ராஸில் எனக்குக் காலி கேசட் கொடுக்கும் கம்பெனிக்காரரிடம் சும்மா போட்டுக்காட்டினேன். அவர் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தவர், கேசட் முடிந்தும் நிறுத்தவில்லை. "இந்த ஆளைக் கூட்டிட்டு வா. ஸ்டூடியோவுல போட்டு ஒழுங்கா எடுப்போம்" என்றார்.

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. வேதாசலமும் கயிற்றுக்காரர்கள் எட்டுப் பேரும் நானும் போனோம். சவுண்ட் என்ஜினியர் சீனிவாசன் என்பவர் வேதாசலத்தை மைக் முன்னால் நிறுத்தி, "ஆரம்பிங்க" என்றார். வேதாசலம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். இருமல்தான் வந்தது. என் ரேடியோவுக்கு ஆனதே, அதே கதை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன்.

"கயிறு இல்லாம எப்டி பாய் வரும்? கை சும்மா தொங்குதே" என்றான் சின்னதம்பி.

நல்லவேளையாகக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். எதில் கட்டி இழுப்பது? மூலையில் ஒரு பெரிய பியானோ நின்றது. "அது ஆறு பேர் தூக்கினாலும் அசையாது. அதுல கட்டிக்குங்க" என்றார் சீனிவாசன். அதன் கால்களில் சக்கரம் இருப்பதை அவர் மறந்துவிட்டார். முதல் இரண்டு அடிக்குப் பியானோ யோசித்தது. மூன்றாவது ஐலசாவுக்குக் கிளம்பிவிட்டது. வேதாசலத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது. பியானோவையே பாட ஆரம்பித்துவிட்டார், கறுப்புத் திருக்கை மாட்டிக்கிச்சு என்று. சீனிவாசன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஆனால் மெஷினை மட்டும் நிறுத்தவில்லை. அந்த மனிதர் தொழில் தெரிந்தவர்.

அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு பாட்டு. அதில் நாலாவது இருசம்மாள் பாட்டு.

இருசம்மா வாயத் தொறந்தா, ஐலசா
ஏரியெல்லாம் அலையடிக்கும், ஐலசா
லைட்டவுசுக்கு லீவு குடு, ஐலசா
எம் பொண்டாட்டி கூவிடுவா, ஐலசா
கூவுனாக்கா கப்பலெல்லாம், ஐலசா
கொழும்பு பக்கம் திரும்பிடுங்கோ, ஐலசா

பாடி முடித்ததும் வேதாசலம் வாயை மூடிக்கொண்டார். எட்டுப் பேரும் கயிற்றை நிறுத்தினார்கள். பழக்கம் அப்படி. கரையில் அந்த நேரத்தில்தான் இருசம்மாள் முந்தானையைச் செருகுவாள்.

"ஏன் சும்மா நிக்கறாங்க? டேப் ஓடுதே" என்றார் சீனிவாசன்.

"அது அவளோட எடம் பாய்" என்று வேதாசலம் என்னிடம் கையைக் காட்டினார். "உட்டு வைக்கச் சொல்லு, அவ வந்து பாடணும், இல்லன்னா பஞ்சாயத்து கூடணும்."

"அண்ணே, மெட்ராஸ்காரனுக்கு அதெல்லாம் புரியாது. பாட்டு நின்னுபோச்சுன்னு நெனச்சுக் கேசட்ட மாத்திடுவான்" என்றேன். சொன்னது நான்தான். சீனிவாசனிடம் அந்த இடைவெளியை வெட்டச் சொன்னதும் நான்தான். வேதாசலம் தலையைச் சொறிந்தார். அதற்குள் அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். தன் குரல் தனக்கே கேட்டதும் மனிதர் சொக்கிப்போய் மற்றதையெல்லாம் மறந்துவிட்டார்.

பொங்கலுக்குக் கேசட் வந்தது. அட்டையில் வேதாசலம் கயிற்றோடு நிற்கிறார், பின்னால் வெளிச்சவீடு. பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! எண்ணூரிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை டீக்கடை தவறாமல் ஐலசாதான். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் போட்டால், "பாய், அந்த லைட்டவுஸ் பாட்டைப் போடு" என்று மாப்பிள்ளையே எழுந்துவந்து கேட்கிறான். ஒரு வாரப் பத்திரிகை அரைப்பக்கம் எழுதியது. பாட்டுக்குப் பின்னால் அலையோசையை இவ்வளவு இயல்பாக எப்படிப் பதிவுசெய்தார்களோ என்று அதில் வியந்திருந்தார்கள். பியானோ உருண்ட சத்தம் அது. நாங்கள் மூச்சு விடவில்லை. மெட்ராஸ் காலேஜ் பையன்கள் வேன் வைத்துக்கொண்டு குப்பத்துக்கு வந்து வேதாசலத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். பதினைந்து நாள் நாங்கள் இருவரும் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு அலைந்தோம்.

மாசி மாசத்தில் ஒருநாள் இருசம்மாள் மீன் விற்கத் திருப்பாலைவனம் போயிருந்தாள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாட்டு வந்தது. அங்கே இருந்த ஒருவன், "ஏம்மா, லைட்டவுஸ் பொண்டாட்டி நீதானா? எங்க, ஒரு தடவ கூவு பாக்கலாம், பஸ் திரும்புதானு பாப்போம்" என்றானாம். கடையே சிரித்தது. இருசம்மாளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? கூடையை இறக்கிவைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் கேசட் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு அதைக் கேட்கப் போய்விட்டார்கள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் பதிலைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள். "என் வாயிதான ஊருக்கே பேஜாரு? இத்தோட மூடிக்கினேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து யாரோடும் பேச்சு இல்லை.

முதல் இரண்டு நாள் குப்பத்தில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் பயந்துவிட்டார்கள். மீன் விலையை விரலால் காட்டினாள். பேரம் பேச வந்தவர்கள் எதிரில் பேச ஆளில்லாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வகையில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. வேதாசலம்தான் திண்டாடிப்போனார். ஏனென்றால் அவள் பதில் பாக்கி நிற்கும்வரை அவர் அம்பாவுக்கு வாயைத் திறக்க முடியாது. கரைச் சட்டம் கேசட் போட்டவருக்கும் ஒன்றுதான்.

யோசித்துப் பாருங்கள். டீக்கடைக்கு டீக்கடை அந்த மனிதர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறார். சொந்தக் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நிற்கிறார். அவருக்குப் பதிலாகச் சின்னதம்பி அம்பா போட்டான். "வலையை இழு, ஐலசா, நல்லா இழு, ஐலசா, இன்னும் இழு, ஐலசா" என்பதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை. ஒரு பக்கக் கயிறு முந்த, மறுபக்கம் பிந்த, வலை கோணிக்கொண்டு கரையேறியது. பாதி மீன் நழுவியது. தினமும் இருசம்மாள் வந்ததும் வேதாசலம் ஓடிப்போய்க் கயிற்றின் நுனியை அவளிடம் நீட்டுவார். அவள் அதைத் தாண்டி நடந்துபோவாள்.

வைகாசியில் ஒருநாள் என் கடைக்கு வந்தார். வழக்கமாக எதுகையோடு வாசலிலேயே ஆரம்பிக்கிறவர், பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "வூட்ல சத்தமே இல்ல பாய்" என்றார். டீயும் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். இடைவெளியை வெட்டச் சொன்ன வாய் என்னுடையதாயிற்றே.

வீட்டுக்கு வந்து என் மனைவி லத்தீபாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பாட்டுப் பாடினது எங்க?"

"ஸ்டூடியோவுல."

"அப்புறம் கரையில கயித்த நீட்டுனா அந்தக்கா எப்படிப் புடிப்பாங்க? பாடின எடத்துலதான பதில் போடணும்? ஊரெல்லாம் கேட்டுச்சுல்ல, அந்த ஊரெல்லாம் பதிலும் கேக்கணும்ல? இது கூடத் தெரியாம நீங்கல்லாம் என்ன மைக்செட்டு வெச்சிருக்கீங்க?"

மறுநாள் லத்தீபாவே தோணி ஏறிப்போய் இருசம்மாளிடம் கேட்டாள். "அக்கா, அந்த ஸ்டூடியோவுக்கே கூட்டிட்டுப் போனா வருவீங்களா?" இருசம்மாள் எழுந்து உள்ளே போய், தலையை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். இன்றைக்கே போகலாம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க லத்தீபா பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்காரர் இரண்டாவது தடவை கேசட் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் துள்ளினார். ஆனி பிறந்ததும் மறுபடி வடபழனி. அதே எட்டுப் பேர், அதே கயிறு. சீனிவாசன் முதல் வேலையாகப் பியானோவை வேறு அறைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு, கயிற்றைத் தூணில் கட்டச் சொன்னார். பழைய டேப்பை ஓடவிட்டார்கள். கொழும்பு பக்கம் திரும்பிடுங்கோ என்று வேதாசலத்தின் குரல் முடிந்தது. வேதாசலம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருசம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று நான் முன்னமே சொன்னேன். சீனிவாசன் கேட்கவில்லை. முதல் வரிக்கே அவர் மெஷினில் சத்தத்தைக் காட்டும் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒட்டிக்கொண்டது.

பாட்டு கட்டுற மவராசா, ஐலசா
பதிலக் கேட்டுப் போ ராசா, ஐலசா
ஐப்பசி மாசம் அடமழையில், ஐலசா
ஆத்தாடி கரையக் காணலியே, ஐலசா
லைட்டும் தெரியல வழியும் தெரியல, ஐலசா
கட்டுமரத்துல அழுதவன் யாரு, ஐலசா
தொண்ட கிழிய நான் கூவ, ஐலசா
துடுப்பப் போட்டு வந்தவன் யாரு, ஐலசா
காத்த மோந்து வந்தேன்னு, ஐலசா
கடைக்குக் கடை சொன்னவன் யாரு, ஐலசா
லைட்டவுசுக்கு லீவு குடு, ஐலசா
எனக்கு எப்ப லீவு குடுத்த, ஐலசா

எட்டுப் பேரும் கடைசி ஐலசாவைப் பாதியில் விழுங்கிவிட்டார்கள். அந்த ஐப்பசி மழையை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், வெளிச்சவீட்டு விளக்கே தெரியாத அளவுக்குக் கொட்டிய மழையில், வேதாசலம் ஒற்றை ஆளாகக் கட்டுமரத்தைக் கரைசேர்த்தார். காற்றை மோந்து பார்த்தே திசை கண்டுபிடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்வார். அதற்கென்றே தனி அம்பா கட்டியிருந்தார். இதே கேசட்டில் இரண்டாம் பக்கம் முதல் பாட்டே அதுதான். எட்டு வருஷமும் இருசம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

பதிலுக்கு மறுபடி வாய்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். வேதாசலத்துக்கு அன்றைக்குச் சட்டம் நினைவில்லை. சுவரை விட்டு மைக் பக்கத்தில் வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமா. அவ கூவித்தான் வந்தேன்" என்றார். எதுகை இல்லை, மோனை இல்லை. கயிற்றுக்காரர்கள் ‘ஐலசா’ போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். சீனிவாசன் என்னைப் பார்த்தார். வெட்டவா என்று விரலால் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பதிப்பில் அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது.

பாரிமுனையில் பழவேற்காடு பஸ் ஏறினோம். சீட்டில் உட்கார்ந்ததுமே இருசம்மாள் ஆரம்பித்தாள். மூன்று மாசமாக அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. சட்டைக்குப் பித்தான் இல்லாமல் மெட்ராஸ் வந்தது, கூரை ஒழுகுவது, மாசியிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடாதது, அதை அவள் கேட்க முடியாமல் போனது, சின்னதம்பி அம்பா போட்ட லட்சணம் எல்லாவற்றையும் எடுத்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேதாசலம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உம் உம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனுஷன் முகத்தில் நான் கண்டதில்லை. பொன்னேரி தாண்டியதும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. வந்து நின்று, "யம்மா, கொஞ்சம் மெதுவா பேசும்மா, விசில் அடிச்சா டிரைவருக்குக் கேக்கல" என்றார்.

வேதாசலம் சீட்டிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இன்னாய்யா மெதுவா? மெதுவா பேசணுமாமே மெதுவா! அவ பேசட்டும்யா. நல்லா சத்தமா பேசட்டும்!"